தோளில் தொடங்குங்கள்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்கள் துணி எடுக்க ஒரு வழிகாட்டி

ஊரிலிருந்து கிளம்பும்போது பெட்டி கொள்ளாமல் துணி கொண்டு வந்திருப்பீர்கள். ஒரு மாதம் போனால் அதில் பாதி அலமாரியை விட்டு இறங்குவதில்லை. துணி மோசம் என்று சொல்ல முடியாது. ஊரில் வண்டியில் போய் வண்டியில் வந்த ஆள் இங்கே நடக்கிறார். எம்ஆர்டி ரயிலில் மேல் கைப்பிடியைப் பிடித்து நிற்கிறார். உணவங்காடியில் தரையோடு பதித்த சின்ன முக்காலியில் உட்கார்ந்து எழுகிறார். வெளியே 31, 32 டிகிரி வெயிலும் புழுக்கமும். அலுவலகத்துக்குள் நுழைந்தால் பல் கிட்டும் ஏசி. உடை எங்கே பிடிக்கிறது, எங்கே தூக்குகிறது, எங்கே ஒட்டுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

சரி, புதிதாக எடுக்கலாம் என்று கடைத்தொகுதிக்குப் போனால், ஒரு கடையில் எம் சரியாக இருக்கும், பக்கத்துக் கடையில் எக்ஸ்எல் கூட ஏறாது. அதற்கு மனம் சோர்ந்து உடம்பைக் குறை சொல்லத் தேவையில்லை. ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: எலும்பு இருக்கிற இடத்தில் உடை கடையிலேயே பொருந்தியிருக்க வேண்டும், சதை இருக்கிற இடத்தைத் தையல்காரரிடம் விட்டுவிடலாம். தோள்பட்டை எலும்பு. வயிறு, இடுப்பு, கை எல்லாம் சதை. கீழே சொல்வது அத்தனையும் இதிலிருந்து வருவதுதான்.

முதலில் டேப்பை எடுங்கள்

தையல் டேப் ஒன்று லிட்டில் இந்தியாவின் முஸ்தபா பேரங்காடியிலோ வீட்டுப் பக்கத்துக் கடையிலோ வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். தானே அளந்தால் டேப் சரியும், வயிறும் தானாக உள்ளே போய்விடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அளப்பது நல்லது. வெறும் வயிற்றில் எடுத்த அளவுக்கு வாங்கிய பேண்ட் சாயங்காலம் மூச்சு விட விடாது.

பெண்கள் இதற்கு முன்னால் உள்ளாடையைச் சரி பார்த்துவிடுங்கள். அது தப்பாக இருந்தால் மேலே போடும் ரவிக்கை, குர்த்தி, சட்டை எதுவும் சரியாக உட்காராது. இங்கே பல கடைகளில் பிராவில் சென்டிமீட்டர் அளவு போட்டிருக்கும். ஊரில் 32 என்பது இங்கே 70, 34 என்பது 75, 36 என்பது 80, 38 என்பது 85. கப் எழுத்து பெரும்பாலும் மாறாது. மார்புக்குக் கீழே சுற்றும் பட்டி, முதுகில் மேலே ஏறாமல் தரைக்கு இணையாக நிற்க வேண்டும். ஏறினால் பட்டி லூஸ்.

அளவுகள்: முதுகுப் பக்கம் ஒரு தோள் எலும்பின் முனையிலிருந்து மறு முனை வரை. மார்பில் அகலமான இடம். இடுப்பில் ஒடுங்கிய இடம், அது தெரியவில்லை என்றால் தொப்புள் மட்டம். பின்பக்கம் நன்றாகப் புடைத்திருக்கும் இடத்தில் சுற்றளவு. கவட்டையிலிருந்து கணுக்கால் வரை நீளம். இவற்றோடு யாரும் எடுக்காத ஒன்று, மேல் கையின் சுற்றளவு. நம் பெண்களுக்கு ரெடிமேட் துணி முதலில் மாட்டிக்கொள்வது அங்கேதான். இதை எல்லாம் போனில் சென்டிமீட்டரிலும் இஞ்சிலும் குறித்து வையுங்கள். கடைக்காரர் ஒன்று கேட்பார், தையல்காரர் மற்றொன்று கேட்பார்.

இன்னொரு அளவு இவை எல்லாவற்றையும்விட உதவும். உங்களிடம் இருப்பதிலேயே நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையையும் ஒரு பேண்ட்டையும் மேஜையில் தட்டையாக விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை, தோளிலிருந்து தோள் வரை, மேலிருந்து கீழ் வரை அளந்துகொள்ளுங்கள். ஆன்லைனில் வாங்கும்போது உடம்பளவை மறந்துவிட்டு இந்தத் துணியளவை அவர்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். உடம்புக்கும் துணிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்ற கணக்கு தானாகவே அதில் அடங்கிவிடும். இழுவை இல்லாத பருத்தி குர்த்திக்கு மார்பில் 3, 4 இஞ்சு தளர்வு வேண்டும். சேலை ரவிக்கைக்கு அரை இஞ்சு, ஒரு இஞ்சு போதும். வெளியே நடக்கிற நேரத்தில் துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று போக வேண்டும் என்பதால் ஊரில் எடுப்பதைவிடச் சற்றுத் தளர்வாக எடுப்பது இங்கே நல்லது.

உடல்வாகைப் பார்ப்பது எப்படி

ஆப்பிள், பேரிக்காய் என்று உடம்புக்குப் பழப் பெயர் வைக்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. நிஜ உடம்பு எந்தப் பழத்திலும் அடங்காது. உங்கள் குறிப்பில் உள்ள எண்களைப் பார்த்தாலே போதும்: மேல்பக்கம் அகலமா, கீழ்ப்பக்கம் அகலமா, நடுவில் ஒடுங்குகிறதா? அப்புறம் நீளம் எங்கே இருக்கிறது, உடம்பிலா காலிலா?

கீழ்ப்பக்கம் அகலம் என்றால் மேலே எடுப்பது தோளுக்குப் பொருந்த வேண்டும், கீழே எடுப்பது இடுப்பெலும்புக்குக் கீழே உள்ள அகலத்துக்குப் பொருந்த வேண்டும். பேண்ட்டில் பின்பக்கம் சரியாக இருந்து இடுப்புப் பட்டி லூசாக இருந்தால் கவலையில்லை, பட்டியைப் பிடித்துத் தரச் சொல்லலாம். பட்டி சரியாக இருந்து பின்பக்கம் இறுக்கினால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். குர்த்தியில் இவர்கள் பார்க்க வேண்டியது பக்கவாட்டு ஓப்பனிங் எங்கே தொடங்குகிறது என்பது. பின்பக்கத்தின் அகலமான இடத்துக்கு மேலேயே அது தொடங்கிவிட வேண்டும். கீழே தொடங்கினால் துணி அங்கே மாட்டிக்கொண்டு, வழியில்லாமல் மேலே ஏறி, இடுப்பில் குறுக்குக் குறுக்காகச் சுருங்கும். போட்டவர் நாள் முழுக்கக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பார். குர்த்தி சின்னது என்று நினைத்து அடுத்த சைஸ் வாங்குகிறார்கள், தோள் தொங்குகிறது. தேவைப்பட்டது ஓப்பனிங்கை 2 இஞ்சு மேலே பிரித்துவிடுவது மட்டும்தான்.

வயிறு முன்னால் இருப்பவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, மார்புக்குக் கீழே நேராக விழும் துணி நல்லது. மெல்லிய ஜெர்சி பனியன் துணி வயிற்றின் ஒவ்வொரு வளைவையும் கணக்கெடுக்கும். கொஞ்சம் விறைப்பு உள்ள பருத்தியோ லினனோ அப்படிச் செய்யாது. ஆண்கள் பேண்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கி பெல்ட் போடுவதை விட்டுவிடுவது நல்லது. அங்கே எதுவும் நிற்காது. பேண்ட் வழுகும், கவட்டை தொங்கும், கால் ஓரம் செருப்பில் மிதிபடும். கவட்டையிலிருந்து இடுப்புப் பட்டி வரை உயரம் அதிகமாக உள்ள பேண்ட்டை எடுத்து, தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள். நம் ஆட்களில் பலருக்கு வயிறு பெரியதாகவும் கால் மெலிவாகவும் இருக்கும். அவர்கள் ஸ்கின்னி பக்கம் போகாமல் நேர்க்கால் பேண்ட்டாக எடுத்தால் மேலும் கீழும் ஒத்துப் போகும்.

மார்பும் மேல் கையும் கனமாக உள்ளவர்கள் முன்னால் பட்டன் வைத்த சட்டையை வாங்கும் முன் உட்கார்ந்து பாருங்கள். நிற்கும்போது மூடியிருக்கும் பட்டன் இடைவெளி உட்கார்ந்ததும் வாய் திறக்கும். தலை வழியாகப் போடும் வி கழுத்துக் குர்த்திக்கு இந்தத் தொல்லை இல்லை. மேலும் கீழும் ஒரே அகலம் உள்ள மெலிந்த உடம்புக்கு எதுவும் பொருந்தும் என்பார்கள். தோள் மட்டும் தொங்காமல் பார்த்துக்கொண்டால் அது உண்மைதான்.

குள்ளமானவர்கள் மேலே ஒரு நிறம், கீழே அதற்கு நேரெதிர் நிறம் என்று உடம்பை இரண்டாக வெட்டாமல், நெருங்கிய நிறங்களாகப் போட்டால் நீளம் கூடித் தெரியும். குர்த்தி முழங்காலுக்குச் சற்று மேலேயோ, கெண்டைக்காலுக்கு நன்றாகக் கீழேயோ முடியட்டும். கெண்டைக்காலின் கனமான நடுவில் முடிந்தால் கால் குட்டையாகத் தெரியும். குறுக்குக் கோடு போட்டால் குண்டாகத் தெரியும் என்ற பேச்சை மட்டும் நம்பி நல்ல சட்டையை விட்டுவிடாதீர்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிவியலாளர் 19ஆம் நூற்றாண்டிலேயே, குறுக்குக் கோடு போட்ட சதுரம் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரிகிறது என்று காட்டியிருக்கிறார். 2011இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தவர்கள் கோடு போட்ட உடையணிந்த பெண்களின் படங்களை வைத்துச் சோதித்து, குறுக்குக் கோடு குண்டாகக் காட்டுவதில்லை என்று எழுதினார்கள். அத்தைமார்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

சைஸ் லேபிளைப் படிப்பது

எஸ், எம், எல் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொன்று. ஆசிய அளவில் தைக்கும் ஜப்பானிய, கொரிய, சீனக் கடைகளில் நீங்கள் வழக்கமாக எடுப்பதைவிட ஒன்று, இரண்டு சைஸ் கூட வரலாம். பிரிட்டன் 10 என்றால் அமெரிக்காவில் 6, ஐரோப்பாவில் 38. லேபிளில் ஒரு எண் மட்டும் இருந்தால் அது எந்த நாட்டு எண் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தாவ்பாவ் என்ற சீன ஆன்லைன் கடையில் வாங்கும் துணியிலும், சீனாவில் விற்கும் பல பிராண்டுகளின் லேபிளிலும் 170/92 பி என்பது போல ஒன்று இருக்கும். பலர் அதைக் கவனிப்பதில்லை, ஆனால் இருப்பதிலேயே நேர்மையான லேபிள் அதுதான். முதல் எண் உயரம், சென்டிமீட்டரில். இரண்டாவது மேலுடையில் மார்பளவு, கீழுடையில் இடுப்பளவு. எழுத்து, மார்பிலிருந்து இடுப்பைக் கழித்தால் வரும் வித்தியாசம். ஆண்களுக்கு ஒய் என்றால் 17 முதல் 22 செ.மீ., ஏ என்றால் 12 முதல் 16, பி என்றால் 7 முதல் 11, சி என்றால் 2 முதல் 6. பெண்களுக்கு அதே வரிசையில் 19 முதல் 24, 14 முதல் 18, 9 முதல் 13, 4 முதல் 8. நீங்கள் ஆண், மார்பு 96, இடுப்பு 88 என்றால் வித்தியாசம் 8, நீங்கள் பி. கடையில் அதிகம் கிடைப்பது ஏ. அதை வாங்கி வயிற்றில் பட்டன் பிய்கிறது என்றால் காரணம் இதுதான்.

ட்ரையல் ரூமில் என்ன செய்வது

கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. முதலில் தோள் தையலைத் தொட்டுப் பாருங்கள். எலும்பின் முனையில் அது நிற்க வேண்டும். கையில் இறங்கியிருந்தால் பெரியது, கழுத்துப் பக்கம் ஏறியிருந்தால் சின்னது. வேண்டுமென்றே தோளை இறக்கித் தைக்கும் இப்போதைய டீசர்ட்டுகளுக்கு இது பொருந்தாது.

அடுத்து, எம்ஆர்டி கைப்பிடியைப் பிடிப்பதுபோல ஒரு கையைத் தூக்குங்கள். சட்டையோ குர்த்தியோ மொத்தமாக மேலே போகிறதா? அப்படியென்றால் கைக்குழி, அதாவது சட்டையில் கை பொருத்தும் வட்டம், ரொம்ப இறக்கமாக இருக்கிறது. கைக்குழி பெரிதாக இருந்தால் கை சுலபமாக அசையும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. அக்குளை ஒட்டி உயரமாக வெட்டிய கைக்குழியில் கை மட்டும் தூக்கும். தொங்கலான கைக்குழியில் கையோடு சேர்ந்து உடம்புத் துணியும் கிளம்பும். அக்குளுக்கும் துணிக்கும் நடுவே ஒரு விரல் போகிற அளவு இருந்தால் சரி. வியர்வைக் கறை பற்றிக் கவலைப்படுகிறவர்கள் சாம்பல் நிறத்தைத் தவிர்க்கலாம். வெள்ளையும் கருநீலமும் மறைக்கும்.

பிறகு உட்காருங்கள், குனியுங்கள், இரண்டு அடி நடங்கள். முதுகுப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துப் பாருங்கள். துணியில் விழும் சுருக்கமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். குறுக்காக இழுத்த கோடுகள் இருந்தால் அந்த இடத்தில் அகலம் போதவில்லை. நீளவாக்கில் தொங்கும் மடிப்பு என்றால் அகலம் அதிகம். மார்பிலிருந்து அக்குளுக்குச் சாய்வாகக் கோடு ஓடினால் டாட் (மார்பு வளைவுக்காக உள்பக்கம் பிடித்துத் தைக்கும் மடிப்பு) பிடிக்கவில்லை, அல்லது பிடித்த டாட் உங்களுக்குப் போதவில்லை. பட்டனைச் சுற்றிப் பெருக்கல் குறி போலக் கோடு விழுந்தால் சட்டை இறுக்கம். கவட்டையிலிருந்து விசிறி போலக் கோடுகள் கிளம்பினால் பேண்ட்டில் அந்த இடம் குட்டை. அதை யாராலும் சரி செய்ய முடியாது.

காலர் பட்டன் போட்ட பிறகு இரண்டு விரல் நுழைய வேண்டும். வெளியே விட்டுப் போடும் சட்டை பேண்ட் ஜிப்பின் நடுவில் முடிந்தால் அழகு.

எங்கே வாங்குவது

சாதாரண வேலைத் துணிக்கு வீட்டுக்கு அருகிலுள்ள கடைத்தொகுதியே போதும். இந்திய உடைக்கு லிட்டில் இந்தியா. தேக்கா சந்தையில் கீழே மீன், காய்கறி, சாப்பாட்டுக் கடைகள். மாடி ஏறினால் குர்த்தி, சேலை, ரெடிமேட் ரவிக்கை விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும், நடுநடுவே தையல்காரர்களும் இருப்பார்கள். சையது ஆல்வி ரோட்டு முஸ்தபாவில் ஆண்களின் பேண்ட், சட்டை, வேட்டி எல்லாம் குவிந்திருக்கும். ஃபேரர் பார்க் எம்ஆர்டியில் இறங்கினால் பக்கம். மீட்டர் கணக்கில் துணி எடுத்துத் தைக்க நினைப்பவர்களுக்கு அரபு ஸ்திரீட்டும் சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் பக்கமும் நல்லவை. கேலாங் செராய் சந்தையில் மலாய்ப் பெண்கள் போடும் பாஜு குரோங் உடையைப் பாருங்கள். உடம்பைப் பிடிக்காமல் விழும் அந்த வெட்டு இந்தப் புழுக்கத்துக்கு அருமையாக ஒத்துவரும்.

மனம் மாறிவிட்டது என்பதற்காகத் துணியைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இங்கே கடைகளுக்குச் சட்டக் கட்டாயம் கிடையாது. பெரிய கடைகள் தாங்களாக நாள் கணக்கு வைத்து மாற்றித் தருவார்கள். சின்னக் கடைகளில் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

தையல்காரரிடம் எதைக் கேட்கலாம்

பேண்ட் நீளம், கை நீளம், இடுப்புப் பட்டி, குர்த்தியின் பக்கத் தையல் இவையெல்லாம் சின்ன வேலைகள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வட்டாரங்களில் கீழ்த்தளக் கடைகளில் ஒரு ஆல்டரேஷன் கடை எப்படியும் இருக்கும். ஸ்காட்ஸ் ரோட்டு ஃபார் ஈஸ்ட் பிளாசாவிலும் இப்படிப்பட்ட கடைகள் நிறைய. வேலையைக் கொடுக்கும் முன் எத்தனை வெள்ளி என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலிவான பேண்ட்டுக்கு அதன் பாதி விலை கூலியாகப் போகலாம். அதையும் சேர்த்துத்தான் பேண்ட்டின் விலையைப் பார்க்க வேண்டும். பேண்ட் ஓரம் மடிக்கக் கொடுக்கும்போது வழக்கமாகப் போடும் காலணியோடு போங்கள். கோயிலுக்கும் வீடுகளுக்கும் போட்டுப் போகிற பேண்ட் என்றால் காலணியைக் கழற்றியும் ஒரு முறை பார்த்து, தரையில் புரளாத நீளத்தைச் சொல்லுங்கள்.

தோளைக் குறுக்குவது, கைக்குழியை உயர்த்துவது, கவட்டையை நீட்டுவது ஆகியவற்றைக் கேட்காமலிருப்பது நல்லது. முதல் இரண்டுக்கும் சட்டையைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும், மூன்றாவதற்குத் துணியே இருக்காது. ரெடிமேட் துணியைப் பெரும்பாலும் பெரிதாக்கவும் முடியாது. உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், ஓவர்லாக் அடித்த ஓரத்தில் அரை இஞ்சு கூட மிச்சம் இருக்காது.

ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது பழைய ரவிக்கையை மட்டும் நீட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த ரவிக்கை தைத்தபோது இருந்த உடம்பும் இப்போதைய உடம்பும் ஒன்றாக இருப்பது அபூர்வம். "அண்ணே, உடம்பளவும் எடுத்துக்கோங்க, இதுல கைதான் பிடிக்குது, தோள் சரியா இருக்கு" என்று எது சரி, எது சரியில்லை என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். "பக்கத்துல ஒன்றரை இஞ்சு உள்ள விட்டுத் தைங்க" என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே வந்து முதல் வருடத்தில் உடம்பு கூடுவதும் குறைவதும் சகஜம். உள்ளே துணி இருந்தால் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். வாங்கும்போதுகூட இப்போதைய அளவுக்கே வாங்குங்கள். இளைத்த பிறகு போடலாம் என்று எடுத்த உடை அலமாரியில் பூசணம் பூக்கும், இந்த ஊர் ஈரப்பதத்தில் அது விரைவிலேயே நடக்கும்.

துவைப்பதும் காய்வதும் பொருத்தத்தோடு சேர்ந்த விஷயம்தான். பருத்தியும் ரேயானும் முதல் அலசலிலேயே சுருங்கும், அதிலும் ரேயான் குர்த்தி நீளத்தில் நன்றாகக் குறையும். தைக்கக் கொடுக்கும் துணியை ஒரு தடவை தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். டிரையரில் போட்டால் இன்னும் சுருங்கும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை விடாத நாட்களில் கம்பில் போட்ட கனமான ஜீன்ஸ் காய்வதற்குள் வாடை வந்துவிடும், அந்த மாதங்களுக்கு மெல்லிய துணிப் பேண்ட் ஒன்றிரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசிக்கு ஒரு மெல்லிய கார்டிகனோ சால்வையோ பையில் இருக்கட்டும். குள்ளமானவர்களுக்கு இடுப்பெலும்போடு முடியும் கார்டிகன் பொருந்தும். துப்பட்டாவையும் சேலை முந்தானையையும் எம்ஆர்டி மின்படியில் ஏறும் முன் கையில் சுருட்டிக்கொள்ளுங்கள். இங்கே மின்படிகள் வேகமாக ஓடும்.

தீபாவளிக்குப் புதுத்துணி தைக்க நினைத்தால் ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுங்கள். பண்டிகை நெருங்க நெருங்க தேக்காவில் தையல்காரர்கள் புது வேலை வாங்க மாட்டார்கள். வாங்கினாலும் போட்டுப் பார்த்துத் திருத்த நேரம் இருக்காது. தைத்ததை வாங்கப் போகும்போது அங்கேயே போட்டு, கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.